எல்லைக்குள் நிற்கும் மின்னூல்: வாசிப்பான்களின் உலகப் பரவல் குறித்து

2007 நவம்பர் 19 அன்று அமேசான் நிறுவனம் தன் மின்னூல் வாசிப்பானான முதல் கிண்டிலை 399 டாலர் விலையில் விற்பனைக்கு வைத்தது. ஐந்தரை மணி நேரத்தில் இருந்தவை எல்லாம் விற்றுத் தீர்ந்தன. அமெரிக்கர்கள் அடுத்த ஏப்ரல் வரை காத்திருந்து வாங்கினார்கள். மற்ற நாட்டவருக்குக் காத்திருக்கவும் வழியில்லை. அந்தக் கருவி அவர்களுக்கு விற்கப்படவே இல்லை. 2009 அக்டோபரில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அதை அனுப்பத் தொடங்கினார்கள். ரூபாயில் விலை போட்டு இந்தியக் கடைகளில் அது விற்பனைக்கு வர 2012 ஆகஸ்ட் ஆனது. கிண்டில் கடையில் தமிழ் நூல்களுக்கான பிரிவு 2016 டிசம்பரில் திறந்தது.

முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். இந்தத் தாமதத்துக்குத் தொழில்நுட்பக் குறையை மட்டும் காரணம் காட்டிவிட முடியாது. மின்னூலைப் படிக்க ஒருவருக்குக் கருவி கையில் இருந்தால் போதாது. அவர் நாட்டில் அந்த நூலை விற்கும் உரிமை யாரிடமாவது இருக்க வேண்டும். வரி தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். அவர் எழுத்து திரையில் சிதையாமல் தெரிய வேண்டும். காசு கொடுத்து வாங்க முடியாதவருக்கு நூலகம் அதை இரவல் தர வேண்டும். இவற்றில் ஒன்று தடைபட்டாலும் கருவி பாதிப் பயனே தரும். கடந்த இருபது ஆண்டு வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

திரை செய்த ஊரும் விற்ற ஊரும்

மின்னூல் வாசிப்பானின் உயிர் அதன் திரை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் நடந்த ஆய்விலிருந்து 1997-இல் இ-இங்க் நிறுவனம் பிறந்தது. மிகச் சிறிய குமிழ்களுக்குள் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கருப்பு, வெள்ளைத் துகள்களை மிதக்கவிட்டு, மின்புலத்தால் அவற்றை மேலும் கீழும் நகர்த்துவது அதன் முறை. பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். எழுத்து அப்படியே நிற்க மின்சாரம் தேவையில்லை. அதனால்தான் இக்கருவிகள் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் உழைக்கின்றன. வெயிலிலும் கண் கூசாமல் படிக்க முடிகிறது.

இந்தத் திரையுடன் பொதுமக்களுக்கு வந்த முதல் கருவி சோனியின் லிப்ரியே. 2004 ஏப்ரலில் ஜப்பானில் மட்டும் வெளியானது. அதற்கென விற்ற நூல்கள் அறுபது நாள் கழித்துத் திறக்காமல் போகும்படி அமைக்கப்பட்டிருந்தன. நல்ல திரையைச் செய்தவர்கள் நூலை வாடகைப் பொருளாக்கியதால் ஜப்பானிய வாசகர்கள் அதை ஏற்கவில்லை. அதே வேளையில், வேறு நாடுகளின் ஆர்வலர்கள் லிப்ரியேவை வரவழைத்து அதன் ஜப்பானியப் பட்டியல்களை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பயன்படுத்தினார்கள். சோனி 2006-இல் அமெரிக்காவிலும், 2008 செப்டம்பரில் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகள் வழியாகப் பிரிட்டனிலும் தன் ரீடர் கருவியை விற்றது.

உற்பத்தியைப் பொறுத்தவரை இது தொடக்கம் முதலே கிழக்காசியாவின் தொழில். திரைப் பலகைகளைத் தைவானின் பிரைம் வியூ நிறுவனம் செய்தது. 2009-இல் அதுவே இ-இங்க் நிறுவனத்தை வாங்கி, அந்தப் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டது. ஆக, கருவியைச் செய்யும் திறன் ஆசியாவில் இருந்தது. அதை எங்கே விற்பது, எந்த நூலோடு விற்பது என்ற முடிவுதான் வேறிடத்தில் எடுக்கப்பட்டது.

கம்பியில்லாத் தொடர்பு வகுத்த எல்லை

முதல் கிண்டிலின் பெரிய ஈர்ப்பு கணினி இல்லாமலே நூலை இறக்கிக்கொள்ளும் வசதி. இதற்காக அமேசான் அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் கைப்பேசி வலையமைப்பைப் பயன்படுத்தியது. வாசகர் மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை; தரவுச் செலவை அமேசானே ஏற்றது. ஆனால் அந்த வலையமைப்பு சிடிஎம்ஏ வகையைச் சேர்ந்தது. பெரும்பாலான நாடுகளில் இருந்தது ஜிஎஸ்எம் வகை. வலையமைப்பு மாறினால் கருவியின் உள்ளமைப்பையே மாற்ற வேண்டும்.

2009 அக்டோபரில் வந்த பன்னாட்டுக் கிண்டில் இதைச் சரிசெய்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் அயல்நாட்டு இணைப்பு ஒப்பந்தங்கள் வழியாக அது பல நாடுகளில் இயங்கியது. விலை 279 டாலர். ஆனால் பிற நாட்டவருக்குச் சுமார் 2,00,000 ஆங்கில நூல்களே திறந்திருந்தன. அமெரிக்கருக்கு 3,50,000-க்கும் மேல் கிடைத்தன. அமெரிக்க வாசகர் ஒருவர் வெளிநாடு சென்று அங்கிருந்து ஒரு நூலை இறக்கினால் 1.99 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. அண்டை நாடான கனடா முதல் பட்டியலில் இல்லை. அடுத்த மாதம்தான் சேர்க்கப்பட்டது.

வலையமைப்புச் சிக்கல் தீர்ந்த பின்பும் நூல்களின் எண்ணிக்கையில் இவ்வளவு வேறுபாடு நீடித்தது. அதன் காரணம் பதிப்புரிமை.

ஒரு நூலுக்குப் பல சட்டங்கள்

ஆங்கிலப் பதிப்புலகம் உலகத்தை நெடுங்காலமாகப் பங்கிட்டு வைத்திருந்தது. 1947-இல் பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பழைய காலனி நாடுகள் பிரிட்டனின் சந்தை. அமெரிக்கப் பதிப்பாளர் அந்த நாடுகளைத் தவிர்த்தே உரிமை பெற முடியும். அமெரிக்க நீதித்துறை தொடுத்த ஏகபோகத் தடைச் சட்ட வழக்கின் முடிவில் 1976-இல் அந்த உடன்பாடு கைவிடப்பட்டது. ஆனாலும் நூலுக்கு நூல் எல்லை பிரித்து உரிமை விற்கும் பழக்கம் நிலைத்துவிட்டது. நியூயார்க் பதிப்பாளரிடம் அமெரிக்க உரிமை, லண்டன் பதிப்பாளரிடம் இந்தியா உள்ளிட்ட காமன்வெல்த் உரிமை என்ற வழக்கம் இன்றும் உண்டு. அச்சு நூல் எப்படியாவது கப்பலேறி வந்துவிடும். வாங்குபவரின் நாட்டைக் கணக்கு முகவரியையும் கடன் அட்டையையும் வைத்துக் கண்டுகொள்ளும் மின்னூல் கடை அந்த எல்லையை அணுவளவும் பிசகாமல் காக்கிறது. உரிமை ஒப்பந்தத்தில் இருந்த கோடு முதன்முறையாக வாசகரின் வீட்டு வாசலுக்கே வந்தது.

2009 ஜூலையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்தச் சிக்கலை உலகத்துக்குக் காட்டியது. ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் சில மின்பதிப்புகளை அமெரிக்க வாசகர்கள் விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள். அவற்றை வெளியிட்டவருக்கு அமெரிக்காவில் விற்கும் உரிமை இல்லை எனத் தெரிந்ததும், அமேசான் வாசகர்களின் கருவிகளிலிருந்தே அவற்றை நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

ஆர்வெல் இறந்தது 1950 ஜனவரியில். ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு என்ற கணக்கை அப்போது பின்பற்றிய கனடாவில் அவர் நூல்கள் 2001 முதலே பொதுவுடைமை. 60 ஆண்டுக் கணக்கு வைத்திருக்கும் இந்தியாவில் 2011 முதல். 70 ஆண்டுக் கணக்கு வைத்திருக்கும் பிரிட்டனில் 2021 முதல். வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகளைக் கணக்கிடும் அமெரிக்காவில் ‘1984’ நூலின் உரிமை 2044 முடியும் வரை நீடிக்கும். ஒரே நூலை ஒரு நாட்டில் எவரும் பதிப்பிக்கலாம், அடுத்த நாட்டில் பதிப்பித்தால் குற்றம் என்ற நிலையில், ‘உலகம் முழுவதும் கிடைக்கும்’ என்ற விளம்பரத்தை நம்பி எவரும் இருந்துவிடக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியம்கூட இந்தச் சுவரை முழுமையாக இடிக்கவில்லை. வாடிக்கையாளரின் நாட்டைக் காரணம் காட்டி விற்க மறுப்பதைத் தடுக்கும் அதன் விதி 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், கட்டாயமாக விற்றே தீர வேண்டிய பொருள்களில் மின்னூல் சேர்க்கப்படவில்லை.

ஜெர்மானியப் புத்தகக் கடைகளின் மாற்று வழி

ஒரு நிறுவனம் வரும்வரை காத்திருக்காமல் தங்கள் வழியைத் தாங்களே வகுத்துக்கொண்ட நாடுகளும் உண்டு. ஜெர்மனியில் டாலியா, வெல்ட்பில்ட், ஹூகன்டூபெல் ஆகிய போட்டிக் கடைகளும் பெர்டெல்ஸ்மன் குழுமமும் டாய்ச்ச டெலிகாம் தொலைபேசி நிறுவனத்துடன் கைகோத்து 2013 மார்ச்சில் தொலினோ வாசிப்பானைக் கொண்டுவந்தன. எந்தக் கடையில் வாங்கிய தொலினோவானாலும் மற்றக் கடைகளின் நூலையும் அதில் படிக்கலாம். இபப் என்னும் திறந்த கோப்பு வடிவத்தை அது ஏற்றது. ஜெர்மனியில் நூல்களுக்கு ஒரே விலை என்ற சட்டம் இருப்பதால், பெரிய நிறுவனம் விலையைக் குறைத்துச் சிறிய கடையை நசுக்க முடியாது. பிரான்ஸும் 2011-இல் மின்னூலுக்கு இத்தகைய சட்டத்தை இயற்றியது.

கனடாவில் பிறந்த கோபோவும் இதே பாதையில் நடந்தது. ஒவ்வொரு நாட்டிலும் அங்குள்ள பெரிய புத்தகக் கடையுடன் அது கூட்டுச் சேர்ந்தது: பிரிட்டனில் டபிள்யூஹெச் ஸ்மித், பிரான்ஸில் ஃப்னாக். ஜப்பானின் ராகுடென் அதை வாங்குவதாக 2011 நவம்பரில் அறிவித்தது; 2017-இல் தொலினோவின் தொழில்நுட்பப் பொறுப்பும் கோபோவிடம் வந்தது. இதற்கு மாறாக, அமெரிக்காவில் சொந்தக் கடைகள் வழியாக வளர்ந்த பார்ன்ஸ் அண்ட் நோபிளின் நூக், 2012-இல் பிரிட்டனுக்குள் நுழைந்து 2016-இல் வெளியேறியது. உள்ளூர்ப் புத்தகத் தொழிலோடு இணைந்த கருவிக்கே அந்த மண்ணில் வேர் பிடித்தது.

வரி என்னும் வேலி

அச்சிட்ட நூலுக்குச் சலுகை தரும் அரசுகள், அதே நூல் திரைக்கு வந்ததும் அதை மென்பொருளாகக் கருதி வரி போட்டன. பிரான்ஸும் லக்சம்பர்க்கும் 2012-இல் மின்னூலுக்கும் குறைந்த வரியை விதித்தபோது, அது ஒன்றியச் சட்டத்துக்கு எதிரானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015 மார்ச்சில் தீர்ப்பளித்தது. சட்டத்தையே திருத்தி, இரண்டுக்கும் ஒரே சலுகை தரலாம் என உறுப்பு நாடுகள் ஒப்புக்கொள்ள 2018 ஆனது. பிரிட்டன் 2020 மே மாதம் முதல் மின்னூலுக்கும் வரியை முற்றாக நீக்கியது.

இந்தியாவில் அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. மின்னூலுக்கு முதலில் 18 சதவீதம். 2018 ஜூலையில் அது 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அச்சுப் பதிப்பு உள்ள நூல்களுக்கு மட்டுமே அந்தக் குறைப்பு. அச்சகச் செலவுக்கு வழியில்லாமல் நேரே மின்னூலாக வெளியிடும் புதிய எழுத்தாளருக்குச் சலுகை இல்லை. மின்பதிப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவர்மீதே பெரிய வரி விழுகிறது.

தமிழ் எழுத்து திரைக்கு வந்த கதை

தொடக்கக் கால வாசிப்பான்கள் இலத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்க்கு முன்னே வர வேண்டும். ஒகர வரிசையில் எழுத்தின் இரு பக்கமும் குறிகள் நிற்க வேண்டும். இதை அறியாத கருவியில் எழுத்துகள் இடம் மாறும், அல்லது வெறும் கட்டங்கள் தெரியும். பெரிய நிறுவனங்கள் கவனிக்காத இந்தக் குறையை இந்திய முயற்சிகள் முதலில் தீர்க்கப் பார்த்தன. 2010-இல் இன்ஃபிபீம் நிறுவனம் 9,999 ரூபாய்க்குக் கொண்டுவந்த ‘பை’, இந்திய மொழிகளைக் காட்டக்கூடியது. கேரளத்தின் டிசி புக்ஸ் குழுமத்திலிருந்து ‘விங்க்’ வந்தது. இரண்டும் நிலைக்கவில்லை. விலை அதிகம்; அவற்றில் படிக்க முறையாகப் பதிப்பிக்கப்பட்ட இந்திய மொழி மின்னூல்களும் குறைவு.

தமிழில் அந்தக் குறையை ஈடுசெய்தவர்கள் தன்னார்வலர்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து உலகுக்கு இலவசமாகத் தந்தது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழு நுட்பமான ஒரு தீர்வைக் கண்டது. ஒவ்வொரு நூலையும் இபப், மொபி வடிவங்களில் வெளியிடுவதோடு, ஆறு அங்குலத் திரைக்கு அளவெடுத்த பிடிஎஃப் கோப்பாகவும் வெளியிட்டது. எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருப்பதால், தமிழ் தெரியாத பழைய கருவியிலும் தமிழ் பிழையின்றித் தெரிந்தது. கருவி தமிழைக் கற்கும்வரை காத்திராமல், கருவிக்கு ஏற்பத் தமிழ்ப் பக்கத்தை அமைத்துக் கொடுத்த அந்த உழைப்புக்குத் தமிழ் வாசகர்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

தமிழக அரசின் நாட்டுடைமைத் திட்டத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1949-இல் பாரதியின் படைப்புரிமையை அரசு பெற்றதில் தொடங்கிய மரபு அது. பிற்காலத்தில் பல எழுத்தாளர்களின் மரபுரிமையர்க்கு அரசு பரிவுத்தொகை தந்து, அவர்களுடைய நூல்களை எவரும் பதிப்பிக்கலாம் என்று அறிவித்தது. ஆர்வெல் நூல்களைச் சூழ்ந்த உரிமைக் குழப்பம் இந்த நூல்களுக்கு இல்லை. பதிப்புரிமைத் தடையைப் பொதுப்பணத்தால் நீக்கிய முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது.

கானா கற்றுத்தந்தது

ஏழை நாடுகளின் பள்ளிகளுக்கு வாசிப்பானைக் கொண்டுசெல்லும் முயற்சிகளில் முதன்மையானது வேர்ல்டுரீடர். அமேசானில் பணியாற்றிய டேவிட் ரிஷரும் காலின் மெக்எல்வீயும் தொடங்கிய இந்த அமைப்பு, 2010-இல் கானா நாட்டு மாணவர்களின் கைகளில் கிண்டிலைக் கொடுத்தது. சாலை சரியில்லாத ஊருக்கு நூல் வானலையில் வந்து சேர்ந்தது. உள்ளூர் எழுத்தாளர்களின் கதைகளும் அதில் ஏற்றப்பட்டன. பிள்ளைகள் ஆவலோடு படித்தார்கள். ஆனால் அமெரிக்க அரசின் உதவியோடு நடந்த முதல் பெரிய சோதனையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு கருவிகள் உடைந்துபோயின. திரையின் மெல்லிய கண்ணாடி பள்ளிப் பையின் அழுத்தத்தைத் தாங்கவில்லை. அதன்பின் கருவிகளுக்கு உறுதியான உறைகள் வந்தன. பழுதுபார்க்க உள்ளூரில் ஆட்கள் பயிற்சி பெற்றார்கள்.

அந்த அமைப்பு இன்னொரு முடிவையும் எடுத்தது. மக்களிடம் ஏற்கெனவே இருந்த எளிய கைப்பேசிகளிலேயே நூல்களைத் தரத் தொடங்கியது. எத்தியோப்பியா, கானா, இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், ஜிம்பாப்வே ஆகிய ஏழு நாடுகளில் அப்படிப் படித்தவர்களை ஆராய்ந்து யுனெஸ்கோ 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நூல் பஞ்சம் உள்ள இடங்களில் கைப்பேசி வாசிப்பைப் பெருக்குகிறது என்பது அதன் முடிவு. சிறந்த திரை வசதியுள்ளோருக்கு. கிடைக்கும் திரை எல்லோருக்கும். பொதுக் கல்வியைத் திட்டமிடுவோர் இந்த உண்மையிலிருந்து தொடங்க வேண்டும்.

இரவல் தராத கருவி

நூலகம் இல்லாமல் எந்தச் சமூகமும் பரவலாகப் படித்ததில்லை. மின்னூல் உலகில் இரவல் முறை இன்னும் நாடு பார்த்தே இயங்குகிறது. ஓவர்டிரைவ் வழியாகப் பொதுநூலக நூல்களைக் கிண்டிலில் இரவல் பெறும் வசதி 2011 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கியது. அது அமெரிக்க நூலகங்களோடு நின்றுவிட்டது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்னூல் இரவலில் முன்னணியில் இருப்பது. 2015-இல் தமிழ் அமைப்புகளோடு சேர்ந்து அந்நாட்டுத் தமிழ் இலக்கியத்தை மின்வடிவில் தொகுத்த பெருமையும் அதற்கு உண்டு. அப்படிப்பட்ட நூலகத்தின் உறுப்பினர்கூட அதன் மின்னூல்களைக் கைப்பேசியில் படிக்கலாம், கிண்டிலில் இரவல் பெற முடியாது.

எல்லையைத் திறக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. பார்வைக் குறைபாடு உள்ளோர் படிக்கக்கூடிய வடிவ நூல்களை உரிமையாளரின் தனி அனுமதியின்றியே நாடுவிட்டு நாடு அனுப்ப வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தம் 2013-இல் நிறைவேறியது. அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அரசுகள் மனம் வைத்தால் பதிப்புரிமை எல்லைகள் மக்கள் நலனுக்கு வழிவிடும்.

வந்தது திரும்பிப் போகும்போது

ஒருமுறை கிடைத்துவிட்டால் என்றும் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கிண்டில் கருவி சீனாவில் 2013-இல் விற்பனைக்கு வந்தது. அங்கிருந்த மின்னூல் கடை 2023 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. வாங்கிய நூல்களை இறக்கி வைத்துக்கொள்ள வாசகர்களுக்கு மேலும் ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, பணத்தைத் திருப்பித் தந்து, விற்ற நூல்களை எல்லாம் செயலிழக்கச் செய்தது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. 2024 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியான புதிய பேப்பர்ஒயிட், இந்தியாவுக்கு 2025 ஏப்ரலில் 16,999 ரூபாய் விலையில் வந்தது. இவை யாவும் வணிக முடிவுகள். ஒரு மொழியின் வாசிப்பு முழுவதையும் அத்தகைய முடிவுகளின் கையில் ஒப்படைப்பது ஆபத்து.

நாம் செய்ய வேண்டியவை

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஆங்கிலப் பதிப்பாளர்களின் எல்லைச் சண்டை இல்லை. சென்னையில் வெளியாகும் நூல் யாழ்ப்பாணத்துக்கும் கோலாலம்பூருக்கும் டொராண்டோவுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும். ஆசிரியரிடம் உரிமை பெறும்போதே மின்பதிப்புக்கு உலக உரிமையைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கடைக்கு உரிய வடிவத்தோடு நிற்காமல், திறந்த இபப் வடிவிலும் வெளியிடுங்கள். மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். கடை மூடினாலும் நூல் பிழைக்கும்.

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. அச்சுப் பதிப்பு உண்டா இல்லையா என்று பாராமல் மின்னூலுக்கும் அச்சு நூலைப் போலவே வரிவிலக்கு தர வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் வலையேற்றியுள்ள நாட்டுடைமை நூல்களில் பெரும்பாலானவை பக்கங்களை வருடி எடுத்த படக் கோப்புகள். ஆறு அங்குலத் திரையில் அவற்றைப் படிப்பது கடினம், பார்வையற்றோருக்கு அவை பயன்படுவதே இல்லை. அவற்றை எழுத்தாகத் தட்டச்சு செய்து, பிழைதிருத்தி, இபப் வடிவில் தர வேண்டும். பொது நூலகத் துறையின் நூலக ஆணை அச்சுப் படிகளோடு மின்னூல் இரவல் உரிமையையும் சேர்த்து வாங்க வேண்டும்.

வாசகரும் தன் பங்கைச் செய்யலாம். கருவி வாங்குமுன் அது இபப் கோப்பைத் திறக்குமா, தமிழைச் சரியாகக் காட்டுமா, உங்கள் நாட்டு நூலகத்தில் இரவல் பெறுமா என்று கேட்டு வாங்குங்கள். விற்பவரிடம் இந்தக் கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் செய்பவர் செவிக்கு அவை போய்ச் சேரும். மின்னூல் எங்கும் கிடைப்பதற்கான தொழில்நுட்பம் 2009-லேயே நம் கைக்கு வந்துவிட்டது. மிச்சமிருக்கும் தடைகள் எல்லாம் மனிதர் எழுதிய சட்டங்களும் ஒப்பந்தங்களும்தாம். அவற்றை மனிதரே மாற்ற முடியும், மாற்ற வேண்டும்.